எல்லையைத் தாண்டிப் போனவர்கள் அதை எப்படிக் காட்டுகிறார்கள்?

எல்லையோர வாழ்க்கையைப் புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் பாட்டிலும் படத்திலும் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது கேள்வி. நான் தேடித் தேடிப் பார்த்தது மெக்சிகோ-அமெரிக்க எல்லையைத்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

செய்திகளில் அந்த எல்லை என்றால் சுவர், முள்கம்பி, கூட்டம். தாண்டிப் போனவர்கள் தரும் படங்களில் பெரும்பாலும் கூட்டம் இருக்காது. ஓர் ஆள் இருப்பார், அவருக்கு ஒரு பெயர் இருக்கும்.

ரெதாப்லோ என்று ஒன்று உண்டு. சின்னத் தகரத்தில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிக் கோயிலில் மாட்டும் நேர்த்திக்கடன் படம். மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில், சான் ஹுவான் தெ லோஸ் லாகோஸ் மாதா கோயில் இதற்குப் பேர்போனது. அப்படி ஒரு படத்தில், எல்லையாக ஓடும் ரியோ பிராவோ ஆற்றில் (அமெரிக்கர்களுக்கு அது ரியோ கிராண்டே) ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் தத்தளிப்பார். மேலே ஒரு மூலையில் மாதா. அடியில் நாலைந்து வரி: என்ன ஆபத்து, எந்த ஊர், எந்தத் தேதி, யார் நன்றி சொல்கிறார். பேசுகிற மாதிரியே, எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கும். அந்தப் பிழைகளைத் திருத்த எனக்கு மனசு வராது.

வரைவது பெரும்பாலும் உள்ளூர் ஓவியர்தான். ஆனாலும் எதைச் சொல்வது என்பது பிழைத்து வந்தவரின் முடிவு. அவர்கள் நன்றி சொல்வது ஆற்றைக் கடந்ததற்கு மட்டுமில்லை. 'அந்தப் பக்கம்' (அமெரிக்காவை அப்படித்தான் சொல்வார்கள்) ஆபரேஷனில் பிழைத்ததற்கு, அங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைத்ததற்கு, ஊர் திரும்பியதற்கு என்று நீள்கிறது. தாண்டிய ராத்திரியோடு எல்லை முடிந்துவிடுவதில்லை என்று எனக்குப் புரிய வைத்தவை இந்தத் தகரங்கள்தான்.

ஆனால் நேர்த்திக்கடன் செலுத்த ஆள் பிழைத்திருக்க வேண்டுமே. 1994-இல் அமெரிக்க எல்லை நகரமான சான் டியேகோ பக்கம் காவல் இறுகியதும், ஆட்கள் அரிசோனாப் பாலைவனத்து வழியாகப் போகத் தொடங்கினார்கள். வெயிலிலும் தாகத்திலும் செத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு ரெதாப்லோ இல்லை.

அங்கேதான் கோரிதோ வருகிறது. அக்கார்டியனோடு பாடும் கதைப்பாட்டு. பணம் சேர்ந்தும் பிள்ளைகள் ஸ்பானிய மொழி பேசாமல் வளர்வதைப் பார்த்து நிற்கும் அப்பாவும் அதில் வருவார், வழியில் செத்தவரும் வருவார். நாள், ஊர், பெயர் சொல்லித் தொடங்குவதும், கடைசி அடியில் விடைபெறுவதும் அதன் மரபு. சில பாட்டுகளில் அந்த விடைபெறும் அடியைச் செத்துப்போனவரே பாடுவார்.