பழைய ஏர்ஸ்ட்ரீம் வண்டியில் 'அவுட்ரிகர்' என்பது என்ன? அதை ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்?

அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி. மேலே ரிவெட் அடித்த அலுமினிய உடல். அடியில் இரும்புச் சட்டம். சட்டத்தின் நீளத் தண்டுகளிலிருந்து பக்கவாட்டில் நீளும் தகட்டுக் கைகளே அவுட்ரிகர். சுவரில் அலமாரிப் பலகையைத் தாங்கும் முக்கோணத் தாங்கிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தரையின் ஓரமும் அதன்மேல் நிற்கும் சுவரும் இவற்றின் மீதுதான் அமர்கின்றன.

ஜன்னல் ஓரம் கசியும் மழைநீர், தரைக்கு அடியில் அடைத்த கண்ணாடிப் பஞ்சில் ஊறி நிற்கிறது. ஈரத்துணியில் சுற்றிய ஆணியின் கதிதான் அந்தத் தகட்டுக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட்டைப் போல உதிரும்.

வண்டிக்கு வண்டி அளவு மாறுவதால், கெடாத ஒன்றை அட்டையில் வரைந்து, அதன்படி இரும்புத் தகட்டை வெட்டி, விளிம்பை மடித்து, தண்டோடு வெல்டிங் செய்து, துரு தடுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். மடிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்! தட்டைத் தாள் வளைகிறது, மடித்த தாள் நிமிர்ந்து நிற்கிறது அல்லவா? தகட்டுக்கும் வலிமை அங்கேதான்.

தகட்டைத் தடிமனாகப் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பழையதைத் தின்றது ஈரம், கசிவை அடைக்காவிட்டால் தடித்த தகட்டையும் அது தின்றுவிடும்.