ஜாவா நிரல் மொழியில் நேரம் எழுதுவது: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

மத்தியானம் 2.30க்கு அடித்த பற்றுச்சீட்டில் 9.00 என்று விழுகிறது. சேர்வரின் மணிக்கூடு பிழையா? (உப்புவெளி, விடுதி மென்பொருள்)

மணிக்கூடு சரி. சேர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். 'லோக்கல்டேட்டைம்.நவ்' என்று வெறுமனே கேட்டால், அது ஓடுகிற இயந்திரத்தின் நேர வலயத்தைத்தான் எடுக்கும். 'சோன்டுடேட்டைம்.நவ்' எழுதி, அதற்குள் 'ஏசியா/கொலம்போ' வலயத்தைக் கொடுங்கள்.

தயவுசெய்து ஐந்தரையைக் கையால் கூட்டாதீர்கள். 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஆறரைக்குத் தள்ளினார்கள், அதே ஒக்டோபரில் ஆறுக்கு இறக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக் கேட்டு வாழ்ந்த காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆண்டுகளின் பதிவு ஒன்றைத் திறந்தால் உங்கள் ஐந்தரை பிழைக்கும். வலயப் பெயரைக் கொடுத்தால் ஜாவா இந்த மாற்றங்களைத் தானே பார்த்துக்கொள்ளும்.

9:12, 10:12, 11:12 என்று நாள் முழுக்க நிமிடம் அசையவே இல்லை. (கிண்ணியா)

டிசம்பரில் எழுதியிருக்கிறீர்கள், இல்லையா? திகதியும் நேரமும் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் ஆங்கில எழுத்துகளில், பெரிய எம் (M) என்றால் மாதம், சின்ன எம் (m) தான் நிமிடம். உங்கள் 12, டிசம்பரின் 12. அப்படியே மற்ற எழுத்துகளையும் பாருங்கள். சின்ன எச் 12 மணிக் கணக்கு, பின்னேரம் மூன்று மணியை 03 என்றே காட்டும். பெரிய எச் போட்டால் 15 வரும். ஆண்டுக்குச் சின்ன வை போடுங்கள். பெரிய வை வாரக்கணக்கு ஆண்டு, 2025 டிசம்பர் 31 புது ஆண்டின் முதல் வாரத்தில் விழுவதால் அதை 2026 என்று அச்சிடும். பதினொரு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் காலை வாரும் பிழை இது.

பலர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் திகதிகள் குழம்புகின்றன. (மூதூர்)

திகதியை எழுத்தாக்கும் பழைய கருவியான ஒரே 'சிம்பிள்டேட்ஃபார்மட்'டை எல்லா திரெட்டுகளும் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பகிர்கின்றன. அது அதற்குத் தாங்காது. 2014இல் ஜாவா 8உடன் வந்த 'டேட்டைம்ஃபார்மேட்டர்' உருவானபின் மாறாதது, அதனால் பயமில்லாமல் பகிரலாம்.

காலை, மாலை என்று தமிழில் வராதா? (வளாக மாணவி)

வரும், தங்கச்சி. ஃபார்மேட்டருக்குத் தமிழ், இலங்கை லொகேலை, அதாவது மொழியும் நாடும் சேர்ந்த அமைப்பைக் கொடுங்கள். கிழமையும் 'புதன்' என்று தமிழிலேயே வரும். ஜாவா 16 முதல் பெரிய பி (B) என்ற எழுத்து நாளின் பொழுதையே சொல்லும், 'காலை 9:05' என்பது போல. ஆனால் பற்றுச்சீட்டு அடிக்கும் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு உண்டா என்று முதலில் ஒன்றை அடித்துப் பாருங்கள்.