நெடுநாள் நின்ற பழைய பைக்கை மீட்பது: கேள்வி பதில்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுவிட்ட மோட்டார் சைக்கிள்களை மீண்டும் ஓட வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 பற்றியவை. யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

ஐயா, அப்பா ஓட்டிய புல்லட் பதினைந்து ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. புது பேட்டரியும் பெட்ரோலும் போட்டு உதைத்துப் பார்க்கலாமா? (தஞ்சாவூர்)

இப்போதைக்கு உதைக்க வேண்டாம். இவ்வளவு காலம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரிலும் பேரிங்குகளிலும் இருந்த எண்ணெய்ப் படலம் முழுவதும் வடிந்திருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஆயில் மேலே ஏறுவதற்குள் அதுவரை நன்றாக இருந்த பிஸ்டனிலும் போரிலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உட்சுவர்) கீறல் விழுந்துவிடும். பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு அடியில் இருப்பது மிதக்கும் புஷ் (உருளைகள் இல்லாத, தளர்வாகச் சுற்றும் உலோக வளையம்). எண்ணெய் இல்லாமல் சுற்றுவதை அது சிறிதும் தாங்காது.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு மூன்று தேக்கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு ஓரிரவு விடுங்கள். மறுநாள் அடியிலுள்ள வடிகால் நட்டுகளைத் திறந்து பழைய ஆயிலை வடியுங்கள். புல்லட்டில் ஆயில் டேங்க் இன்ஜின் உடலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. வண்டி நிற்க நிற்க அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுகோலில் ஆயில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலே ஊற்றியவர்கள், ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்ஸரில் புகை மண்டுவதையும் பிரீதரில் (இன்ஜினின் காற்றுப்போக்கிக் குழாய்) ஆயில் பீய்ச்சுவதையும் பார்த்திருப்பார்கள். ஆகவே டேங்க், கிராங்க் அறை இரண்டையும் வடித்து, ஃபில்டரை மாற்றிய பிறகே புது ஆயில் ஊற்ற வேண்டும், 20W-50 போதுமானது.

அடுத்து, பிளக் இல்லாமலேயே கிக்கரை மெல்ல மிதித்துக்கொண்டிருங்கள். இன்ஜினின் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் நட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்தால், ஆயில் மேலே வந்து சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே ஆயில் கசியும்வரை ஸ்டார்ட் செய்யும் எண்ணமே வேண்டாம். சைலன்ஸர் வாயையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், எலி பஞ்சும் துணியும் சேர்த்து வைத்திருப்பதும் வழக்கம்.

என் வண்டியில் கிக்கர் அசையவே மாட்டேன் என்கிறது. பக்கத்துப் பட்டறையில் ஏறி நின்று மிதிக்கச் சொல்கிறார்கள். (விருதுநகர்)

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிஸ்டன் ரிங்குகள் துருவால் சுவரோடு ஒட்டியிருக்கும்போது உடல் எடை முழுவதையும் கிக்கரில் போட்டால், ரிங் உடையும். அல்லது கிக்கர் பல் சிதையும். டீசலும் இன்ஜின் ஆயிலும் சம அளவில் கலந்து பிளக் துளையில் ஊற்றி, குறைந்தது ஒரு வாரம் ஊற விடுங்கள்; குறையக் குறைய மீண்டும் ஊற்றுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். நூலளவு அசைந்தாலும் அது நல்ல செய்தி. அன்று அத்தோடு நிறுத்தி, மறுபடி ஊற்றி வையுங்கள்.

இன்ஜின் விடுபட்டாலும் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) கழற்றிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருந்தால் ஈரம் நேராகப் போருக்குள் போயிருக்கும். விரல் நகத்தைச் சுவரில் மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். எங்கேனும் நகம் மாட்டினால் போரிங் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாக வேண்டும். வெறும் கறை மட்டும் என்றால் ஹோனிங்கும் (சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) புது ரிங்குகளும் போதும்.

பெட்ரோல் டேங்கின் உள்ளே முழுவதும் துரு. ஆசிட் ஊற்றலாமா? (ஈரோடு)

கழிவறை ஆசிட் வேண்டாம். அது துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடும். நான் பரிந்துரைப்பது சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும். டேங்கை நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாடை அறவே போன பின், சோடா கரைத்த தண்ணீரை நிரப்புங்கள். சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை டேங்கைத் தொடாதபடி ரப்பர் வைத்து உள்ளே தொங்கவிட்டு, கம்பிக்கு பாசிட்டிவும் டேங்குக்கு நெகட்டிவும் கொடுத்தால், துரு தளர்ந்து கறுப்புச் சேறாகக் கழன்றுவரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள், அதிலிருந்து குரோமிய நஞ்சு கரையும். எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிவருவதால் வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். கழுவி முடித்ததும் உடனே காயவைத்து, சிறிது டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுச் சுழற்றுங்கள். ஈரத் தகடு ஒரு மணி நேரத்திலேயே மீண்டும் செம்மை பூக்கும்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால், பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் டேப்பின் கார்க், கார்புரேட்டர் வாஷர் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றிவிடுவது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் காலி செய்து வையுங்கள்.

எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன், பிளக்கில் மட்டும் தீப்பொறி வரவில்லை. காயில் போய்விட்டதா? (மதுரை)

காயிலுக்கு (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) போகுமுன் பாயின்ட்டை, அதாவது காயிலுக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகளைப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பாயின்ட் முகத்தில் சாம்பல் நிறப் பூச்சு ஒன்று படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். மெல்லிய எமரி தாளால் தேய்த்து, பிறகு எண்ணெய்ப் பிசுக்கில்லாத ஒரு தாள் துண்டை இரு முகங்களுக்கும் இடையில் வைத்து இழுங்கள். தாளில் கறை விழாதவரை இழுக்க வேண்டும். முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

புல்லட்டின் ஆம்பியர் மீட்டரே இதற்கு நல்ல சாட்சி. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால், பாயின்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் ஆடவே இல்லையென்றால் கோளாறு பாயின்ட்டிலோ ஒயரிலோ பேட்டரியிலோ இருக்கிறது. முள் ஆடியும் தீப்பொறி இல்லையென்றால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகிக்கலாம். பாயின்ட்டிலேயே பெரிய பொறி பறந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. உதைக்க ஒரு முறை உண்டா? (கோயம்புத்தூர்)

உண்டு, அதற்கும் முந்தைய பதிலில் சொன்ன அதே ஆம்பியர் மீட்டர் முள்தான். சாவியைப் போட்டு, முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்குங்கள். அந்த இடத்தில் டிகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் கைப்பிடி) பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, பிஸ்டன் உச்சியைத் தாண்டியதும் லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே சீரான மிதியாக முழுவதும் மிதியுங்கள். அப்படியும் திருப்பி அடித்தால் டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) முன்கூட்டி இருக்கிறது. சரிசெய்யும்வரை யாரையும் உதைக்க விடாதீர்கள்.

என் யெஸ்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. நண்பரின் ஆர்எக்ஸ் 100 ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் அலறுகிறது. (மைசூர்)

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: கிராங்க் ஆயில் சீல்கள் காய்ந்து இறுகிவிட்டன. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டுப் புகை வரும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்து இன்ஜின் அலறும். இரண்டாவது ஆபத்தானது, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும், உடனே நிறுத்துங்கள். ஆர்எக்ஸில் ஆயில் பம்பின் குழாயில் காற்று தங்கியிருக்கலாம் என்பதால், முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தே ஓட்டுவது பாதுகாப்பு.

டயரில் கட்டை (தரையைப் பற்றும் மேடுகள்) நன்றாக இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா? (சேலம்)

கூடாது. வெடிப்பு தெரியாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும். டியூபையும் மாற்றுங்கள். பழைய பிரேக் ஷூ தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அண்ணா, பெயின்ட் மங்கிவிட்டது. புதிதாக அடித்துக் குரோம் போட்டுவிடவா? (புதுச்சேரி)

அவசரப்படாதீர்கள். தொழிற்சாலையில் கையால் இழுத்த டேங்க் கோடுகள் ஒருமுறை போனால் போனதுதான். முதலில் மெழுகு போட்டுத் துடைத்துப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களை, உடைந்தவை உட்பட, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். இன்று கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் பல சரியாகப் பொருந்துவதில்லை.

ஆர்சி தாத்தா பெயரில் இருக்கிறது, அவர் இல்லை. காலாவதியும் ஆகிவிட்டது. (திருச்சி)

வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பதிவைப் புதுப்பிக்க படிவம் 25. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வாகனத்துக்கு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துத் தருகிறார்கள், ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 2021இல் வந்த விதிகளின்படி தனி விண்டேஜ் பதிவு பெறலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். தாத்தாவின் வண்டியை அன்றாடம் ஓட்ட விரும்பினால் வழக்கமான பதிவையே புதுப்பியுங்கள். வேலை தொடங்குமுன் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்சியோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது ஐயா! இனி என்ன செய்ய வேண்டும்? (தஞ்சாவூர், முதல் கேள்வி கேட்டவர்)

மிக்க மகிழ்ச்சி. முதல் நாள் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். கிளட்ச் பிடித்தும் வண்டி இழுத்தால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. கிளட்சைப் பிடித்தபடி சில முறை கிக்கரை மிதித்தால் பிரியும். சுமார் 100 கிலோமீட்டரில் ஆயிலை மீண்டும் வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய கருமை இயல்பானது. மினுக்கும் துகள்கள் தெரிந்தால் அதற்கு மேல் ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள்.