மீன் தீவனத்தில் மீன் தூளுக்குப் பதிலாகப் பருப்பு வகைகளைச் சேர்க்கலாமா? அவற்றை எதை வைத்து மதிப்பிடுவது?

சேர்க்கலாம். ஆனால் ஒரு பருப்பில் எத்தனை சதவீதம் புரதம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதை எடைபோடக் கூடாது என்பதையே, மீன் ஊட்டவியலில் பணியாற்றுபவன் என்ற முறையில், முதலில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் புரதத்துடன் வேறு என்னென்ன வருகின்றன, அவற்றை மீனின் குடல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இது மிக விரிவாக ஆராயப்பட்டது நார்வேயின் சால்மன் வளர்ப்பில்தான்.

1990 வாக்கில் அங்கே சால்மன் தீவனத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் மீன் தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. இன்று அது 30 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பெரு நாட்டுக் கடலின் நெத்திலியைப் பெரிதும் நம்பியிருக்கும் மீன் தூள் வரத்து, அந்தக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் சரிந்துவிடும். அந்த இடத்தை நிரப்ப வந்த சோயா புண்ணாக்கில் 45 சதவீதம் அளவுக்குப் புரதம் உண்டு. அதில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தனியே சேர்த்து ஈடுகட்டிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தீவனத்தைத் தின்ற சால்மன்களின் பின்குடலில் அழற்சி உண்டாகி, சளிச்சவ்வின் மடிப்புகள் சுருங்கி, சுமார் மூன்று வாரங்களில் அது முழு அளவை எட்டியது. 10 சதவீதம் சேர்த்தாலே குடலில் மாற்றங்கள் தென்பட்டன.

சோயாவில் உள்ள, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின்களும் சூட்டில் பெருமளவு அழிந்துவிடும். அழற்சிக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படும் சபோனின் என்ற தாவரச் சேர்மமோ சூட்டைத் தாங்கும். ஆனால் நீர் கலந்த ஆல்கஹாலில் கரைந்து வெளியேறிவிடும். அதனால்தான், ஆல்கஹாலில் கழுவித் தயாரிக்கப்படும் சோயா புரதச் செறிவைச் சால்மன் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. நார்வேயின் தீவனத்தில் இன்று இடம்பெறுவதும் பெரும்பாலும் இந்தச் செறிவே. பட்டாணியில் இதற்கு நேர்மாறான அனுபவம் கிடைத்தது. முழுப் பட்டாணியை அளவோடு சேர்த்தபோது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அரைத்த மாவைக் காற்றோட்டத்தால் பிரித்து எடுத்த புரதச் செறிவை 35 சதவீதம் கொடுத்தபோது, சோயாவில் கண்டது போன்ற அழற்சியே தோன்றியது. கழுவாமல் செறிவூட்டும்போது புரதத்தோடு சபோனினும் சேர்ந்தே செறிவடையக்கூடும் என்பதால், பருப்பின் பெயரைவிட அது பதப்படுத்தப்பட்ட முறையையே நான் முதலில் விசாரிப்பேன். ஆஸ்திரேலியாவில் விளையும் லூபின் என்ற பயறின் கசப்பு குறைந்த இனிப்பு வகையில், தோல் நீக்கிய பருப்பு இத்தகைய அழற்சியை உண்டாக்கவில்லை என்பதால், அது இன்னும் கூடுதல் கவனம் பெற வேண்டும் என்பது என் கருத்து.

மதிப்பீட்டுச் சோதனையில், அடிப்படைத் தீவனம் 70 பங்கும் சோதிக்கும் பருப்பு 30 பங்குமாகக் கலந்து, செரிக்காத யிட்ரியம் ஆக்சைடு போன்ற குறிப்பான் ஒன்றைச் சிறிதளவு சேர்த்துக் கொடுப்பது வழக்கம். கழிவில் அந்தக் குறிப்பான் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை வைத்துப் புரதத்தின் செரிமான அளவைக் கணக்கிடலாம். அதன்பின் வளர்ச்சிச் சோதனையில் எடையோடு, பின்குடலின் திசுவையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். நன்றாக எடை கூடிய மீனிலும் குடல் அழற்சி இருக்கலாம். திசு ஆய்வு இல்லாத அறிக்கையை நம்பித் தீவனத்தை மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். பாஸ்பரசையும் மறக்கக் கூடாது. பருப்புகளில் அதன் பெரும்பகுதி பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டிருப்பதால், பைட்டேஸ் நொதி சேர்க்காவிட்டால் மீனுக்குப் பயன்படாமல் கழிவோடு நீரில் கலந்துவிடும்.

சால்மனில் கண்ட முடிவுகளைக் கெண்டைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. சாதாக் கெண்டையிலும் சோயாவால் அழற்சி வருகிறது என்றாலும், அதே தீவனத்தைத் தின்றுகொண்டே சில வாரங்களில் அதன் குடல் மீளத் தொடங்குகிறது. நம் நாட்டில் ரோகு, கட்லா குளங்களில் நெடுங்காலமாகத் தவிட்டோடு கலந்து போடும் கடலைப் புண்ணாக்கும் பயறு இனத்தைச் சேர்ந்ததுதான். அங்கே நான் முதலில் சோதிக்கச் சொல்வது, ஈரமான கிடங்கில் பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை.