இரண்டு தாள் போனதற்காகப் படிப்பை விட வேண்டாம்

சகோதரி, துணிக்கடை வேலை, இரண்டு பிள்ளைகள், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ.; முதல் வருடம் இரண்டு தாள் போய்விட்டது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். மூன்று வருடப் படிப்பை முடிக்க அங்கே 6 வருடம் வரை அவகாசம் உண்டு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும், போன தாளை மட்டும் திரும்ப எழுதலாம்.

முதலில் அசைன்மென்ட்டைப் பிடியுங்கள், 30 சதவீத மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. கையால் எழுதும்போதே பாதிப் பாடம் மனதில் நின்றுவிடும். இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும், அது உங்கள் குறையில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அதே பாயில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அப்புறம், வகுப்புக்கு வரும் இன்னொரு பெண்ணின் நம்பரை வாங்கி வையுங்கள். தனியாகப் படிப்பதுதான் ஆளைச் சோர்வடைய வைக்கிறது.