யாழ் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் வீட்டை மாணவியர் விடுதியாக விடலாமா? எப்படி நடத்துவது?

தம்பி, நீங்கள் ரொறன்ரோவில் இருக்கிறதாகக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அம்மா போனபிறகு தின்னவேலி வீடு பூட்டிக் கிடக்கிறது, நாலு அறை, ஒரு ஹோல், கிணறு இருக்கிறது, மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை இருத்தலாமா, என்ன கட்டுப்பாடு போடவேண்டும் என்று கேட்கிறீர்கள். இங்கே எனக்கு முன்னாலே பதில் போட்டவர் "ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டுங்கோ, மிச்சமெல்லாம் தானாய்ச் சரிவரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

2011இலிருந்து 2023 வரை பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், என் சொந்த வீட்டில், பல்கலைக்கழகப் பிள்ளைகளை வைத்திருந்தேன். கூடினது பதினாலு பேர், குறைந்தது எட்டுப் பேர். விடியவும் பின்னேரமும் சாப்பாடும் கொடுத்தேன். நான் படித்த நிர்வாகி இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளோடு ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழும்பினவள்.

முதலில் யார் வருவார்கள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் தொடங்கிய வளாகம் இன்று எவ்வளவோ பெருத்துவிட்டது. உள் விடுதியில் இடம் பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் கிடைக்கும். நடு வருடப் பிள்ளைகள்தான் கொக்குவில், கோண்டாவில், தின்னவேலி என்று அறை தேடி அலைவார்கள். அதனால் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறது யாழ்ப்பாணத்தை முதன்முதலாய்ப் பார்க்கிற குஞ்சுகள் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண்கள். வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மூதூரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து, ஏற்கெனவே ஒரு வருடம் தனியே சமாளித்தவர்கள். அவர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடைத்துவைக்க ஏலாது.

ஆனால் நானும் அப்படித்தான் செய்தேன். ஆறரைக்குக் கேற்றில் பூட்டு விழும், திறப்பு என் இடுப்பில் இருக்கும். பெற்றோருக்கும் அதுதான் விருப்பம். அறை பார்க்க வருகிற தகப்பன்மார் குளியலறையைத் திறந்து பார்க்கமாட்டார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கமாட்டார்கள். "கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவியள்?" என்பதுதான் முதல் கேள்வி. ஆறரை என்றதும் முகம் தெளியும். அந்த ஒழுங்கையில் என் வீடுதான் கண்டிப்பான வீடு என்று பெயர் எடுத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2022 பங்குனி (மார்ச்) மாதக் கடைசி. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற காலம். அந்தக் கிழமைதான் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்று வெள்ளிக்கிழமை மன்னாருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வருகிற பஸ். வழமையில் பொழுதுபடமுதல் வந்துவிடுவாள். அன்றைக்குப் பஸ் டீசலுக்காக நின்று நின்று ஊர்ந்து வந்து, அவள் எங்கள் சந்தியில் இறங்கும்போது எட்டரை தாண்டிவிட்டது.

என் கேற்றில் இருந்தது கரண்ட் மணி. கரண்ட் இல்லை. என் போனும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அன்று வீட்டில் நின்ற மற்ற இரண்டு பிள்ளைகளின் போனும் அதே கதை. கேற்றைக் கையால் தட்டிப் பார்த்திருக்கிறாள். என் அறை பின்பக்கம். கேட்கவில்லை.

விடிய ஐந்து மணிக்கு முற்றம் கூட்டுவதற்காகக் குசினிக் கதவைத் திறந்தேன். கருவாட்டு மணம் வந்தது. பூனை எங்கேயோ இருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்திருக்குது என்று நினைத்து ரோச்சை அடித்தேன். குசினி விறாந்தையில், விறகு அடுக்கியிருந்த பக்கமாக, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு கிடந்தாள். பக்கத்து வளவுக்குள்ளால் வந்து தகர வேலிக்கு மேலால் ஏறிக் குதித்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்குத் தகரம் கிழித்திருந்தது. இரத்தம் செருப்பு வார் வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது. பைக்குள் பேப்பரில் சுற்றின கருவாடு. தாய் எனக்கென்று கொடுத்துவிட்டது.

"ஏன் மோனை, கத்திக் கூப்பிட்டிருக்கலாமே?"

"இரவில ஒழுங்கையில நிண்டு கத்தினா சனம் என்ன கதைக்கும் அன்ரி? ஆறரைக்குப் பிறகு வந்தா றூமை விடோணும் எண்டு நீங்களும் சொன்னனீங்கள்தானே."

சொன்னேன்தான். பேப்பரில் எழுதிச் சுவரிலும் ஒட்டியிருந்தேன்.

ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. சைக்கிள் கரியரில் அவளை இருத்தி உருட்டிக்கொண்டு போய்த்தான் ஏற்பூசியும் ஆறு தையலும் போடுவித்தேன். பின்னேரம் தகப்பன் போன் எடுத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "பூட்டினது பிழை எண்டு சொல்லேல்லை அக்கா. ஆனா என்ர பிள்ளை வெளியில நிக்கிறது உங்களுக்குத் தெரியேல்லை" என்றார்.

அதற்கு என்னால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. பதினொரு வருடமாக ஆறரைக்குப் பூட்டினேன். யார் உள்ளே, யார் வெளியே, யார் ஊரில் என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்துவிட்டுப் பூட்டினேனா?

அடுத்த கிழமையே கரண்ட் மணியைக் கழற்றிவிட்டு, கயிறு கட்டின வெண்கல மணி ஒன்றைக் கேற்றில் தொங்கவிட்டேன். ஹோலில் ஒரு கொப்பி வைத்தேன். போகிறவர் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தன் கையால் எழுதவேண்டும். வந்ததும் வெட்டிவிடவேண்டும். கொப்பியில் ஒரு பெயர் வெட்டாமல் கிடந்தால் அன்றைக்கு நான் முன் விறாந்தையில்தான் படுப்பேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு திறப்புக் கொடுத்தேன். பிந்தி வருவதற்குத் தண்டனை என்ற பேச்சையே எடுத்துவிட்டேன். சொல்லாமல் பிந்தினால் மட்டும் வீட்டுக்கு ஒரு போன் போகும்.

இதை வாசித்துவிட்டு, பெட்டைப் பிள்ளைகளைக் கண்டபாட்டுக்குத் திரியவிடச் சொல்லுறாள் என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். நானும் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவள்தான். இரவு கேற் பூட்டத்தான் வேண்டும். ஆனால் மருத்துவபீடப் பிள்ளைக்கு வாட்டில் வேலை முடியவே எட்டு மணியாகலாம். நூலகத்தில் இருந்து படிக்கிற பிள்ளையிடம் ஆறரைக்குள் வா என்றால் படிக்காதே என்று சொல்வது போலத்தான். அதே ஒழுங்கையில் பொடியன்மார் இருந்த வீட்டுக்குக் கேற்றே இல்லை. அதைப் பற்றி ஒரு தகப்பனும் கேட்டதாக நான் அறியவில்லை.

பகிடிவதையையும் யோசியுங்கள். வெளி வீட்டில் அது நடக்காது என்று நினைக்காதீர்கள். ஜூனியரை அறைக்கு அழைப்பித்து இரவிரவாக நிற்க வைப்பது வெளி வீடுகளில்தான் சுகம், ஏனென்றால் கேட்க ஆள் இல்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம், அது கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம் என்றுதான் சொல்கிறது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற எங்கள் தமிழ்ப் பிள்ளையைப் பகிடிவதைக்குப் பறிகொடுத்தபிறகு வந்த சட்டம் அது. உங்கள் வீட்டில் நடந்தால் உங்கள் ஆள்தான் முதலில் காணவேண்டும். அந்த ஆள் பின்னேரம் ஐந்து மணிக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போகிறவர் என்றால் எப்படிக் காண்பார்?

கிணற்றைப் பற்றி நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல தண்ணீராக இருக்கலாம், அம்மா ஒருத்திக்கு. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீரைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்பு நிறைய. மலகூடக் குழியில் இறங்குவது வெடிப்பு வழியே கிணற்றுக்கும் வந்து சேரும். நாலு பேருக்குத் தோண்டின குழியைப் பன்னிரண்டு பேர் பாவித்தால் என்ன ஆகும்? என் வீட்டில் ஒரு மாரியில் இரண்டு பிள்ளைகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்கவேண்டும் என்று அளந்தார். என் வளவில் இருந்தது 38 அடி. அடியும் சுவரும் சீமெந்தால் கட்டின புதுத் தொட்டி போட்டு, நிரம்ப நிரம்பப் பவுசர் கூப்பிட்டு எடுப்பித்தேன். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன். கட்டில் வாங்கமுதல் இதற்குக் காசு ஒதுக்குங்கள்.

கரண்ட் காசும் அப்படித்தான். வீட்டு மீற்றர் படிமுறைக் கட்டணம். 180 யூனிற்றைத் தாண்டினால் கடைசிப் படியின் விலை. பன்னிரண்டு பேர் அயன் பண்ணி, ரைஸ் குக்கர் வைத்து, லப்டொப் சார்ஜ் போட்டால் தாண்டாமல் இருக்காது. 2022 ஆவணியில் (ஓகஸ்ற்) சராசரி 75 சதவீதமும் 2023 மாசியில் (பெப்ரவரி) 66 சதவீதமும் ஏற்றினார்கள். அப்போது கிடைத்த மகாபொல உதவித்தொகை 5000 ரூபாயை வைத்துக்கொண்டு படித்த பிள்ளையிடம் அதை அப்படியே வாங்க எனக்கு மனம் வரவில்லை. முழங்கால் நோவும் சேர்ந்து, அந்த வருடத்தோடு நிறுத்தினேன்.

இனி ஒன்று சொல்கிறேன், கோவிக்காதேங்கோ. என் ஒழுங்கையிலேயே ஐந்து வீடு வெளிநாட்டுக்காரருடையது. மாபிள் போட்டு, குளிரூட்டி பூட்டி, மூன்று வருடத்துக்கு ஒருக்கால் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை நின்றுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்திலேயே ஒரு அறைக்குள் நாலு பிள்ளைகள் முறை வைத்துக் கட்டிலில் படுக்கிறார்கள். இரண்டு அறையையாவது கொடுங்கோ என்று என் சொந்தத் தமையனிடமே கேட்டேன். "சுவர் பழுதாகும்" என்றார். ஆள் இல்லாத வீட்டில் கறையான்தான் குடியிருக்கும். போன மாரியில் அவருடைய மேல்மாடி நிலையெல்லாம் உக்கிப்போச்சுது. நான்தான் படம் எடுத்து அனுப்பினேன். அதனால் உங்களுக்கு இந்த எண்ணம் வந்ததையே பெரிய விசயமாக நினைக்கிறேன். வேண்டாம் என்று தடுக்க வரவில்லை.

ஆனால் இரவில் அங்கேயே படுக்கிற ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தபிறகு தொடங்குங்கள். சொந்தத்தில் தனியே இருக்கிற அத்தை, மாமி, ஓய்வுபெற்ற ரீச்சர், யாராவது ஒருவர். பன்னிரண்டு பேரைப் போடாதீர்கள். நாலு அறைக்கு எட்டுப் பேர் போதும், ஹோலைப் படிக்க விடுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு அறையும் நல்ல சம்பளமும் கொடுங்கள். என்னிடம் இரண்டடுக்கு இரும்புக் கட்டில் ஆறு பெயின்ற் அடித்தபடி சும்மா கிடக்கின்றன. வெண்கல மணியும் இருக்கிறது. ஆள் கிடைத்துவிட்டால் இங்கேயே கீழே எழுதுங்கள், வந்து ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.