நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் கேக் ஆரோக்கியமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமனாருக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். பேக்கரிப் பண்டங்களை நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஓ.டி.ஜி.யில் (சின்ன மின்சார அவனில்) கேக் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். 200 கிராம் கோதுமை மாவு, 200 கிராம் நாட்டுச்சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 3 முட்டை என்பது என் அளவு. நாட்டுச்சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கேக் ரப்பர் மாதிரி இழுக்கிறது, மறுநாளே வறண்டும் போகிறது. சர்க்கரையே இல்லாமல் கேக் செய்ய வழி உண்டா? அதை மாமனாருக்கும் கொடுக்கலாமா? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வழி உண்டு. ஆனால் அதற்கு முன் நீங்கள் இப்போது செய்யும் கேக்கையே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். அதைப் பத்துத் துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் 20 கிராம் நாட்டுச்சர்க்கரை இருக்கும். அதிலுள்ள ஈரம், தாதுக்கள் எல்லாம் போக ஏறக்குறைய 18 கிராம் சுத்தமான சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நாம் உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,350 கலோரி தேவை. அதில் 5 சதவீதம் என்றால் 17 கிராம் சர்க்கரை. மாலையில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் அன்றைய அளவு அதோடு தீர்ந்தது. காலையில் பாலில் கலந்த மால்ட் பவுடரையும் பள்ளிக்குக் கொடுத்துவிட்ட பிஸ்கட்டையும் இதில் நாம் சேர்க்கவே இல்லை.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாமே இந்தக் கணக்குக்குள்தான் வரும். வடிகட்டிய பழச்சாறும் அப்படியே. நாட்டுச்சர்க்கரையில் தாதுச்சத்து இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு துண்டு கேக்கில் கிடைக்கும் தாதுச்சத்துக்காக அந்தத் துண்டிலுள்ள சர்க்கரை முழுவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதைவிட அதிகமாக ஒரு பிடி கீரையிலும் ஒரு கம்பு தோசையிலும் கிடைத்துவிடும். நாட்டுச்சர்க்கரையையும் கருப்பட்டியையும் அவற்றின் மணத்துக்காகப் பயன்படுத்துங்கள், அதற்கு நான் மறுப்பே சொல்ல மாட்டேன். மணம் தூக்கலாக இருப்பதால் கொஞ்சம் போட்டாலே போதும் என்பதுதான் அவற்றின் உண்மையான லாபம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக அதே அளவு போட்டுவிட்டு, ஆரோக்கியமான கேக் என்று இரண்டு துண்டு எடுத்துக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

இனி அந்த ரப்பர் விஷயம். கேக்கில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. வெண்ணெயோடு சேர்த்து நுரைக்க அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளை அடைத்துவைக்கின்றன. மாவில் உள்ள தண்ணீரைச் சர்க்கரை தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் குளுட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) வலுவாகப் பின்னிக்கொள்ள முடிவதில்லை. மாவுச்சத்து வெந்து இறுகுவதையும் அது தள்ளிப்போடுகிறது, அந்த இடைவெளியில்தான் கேக் நன்றாக உப்பி மேலே வருகிறது. வெந்த பிறகு ஈரத்தைப் பிடித்துவைப்பதும், மேல்பகுதி பொன்னிறமாவதும் பெரும்பாலும் அதன் வேலைதான். நீங்கள் சர்க்கரையைப் பாதியாக்கினீர்கள், ஆனால் அது செய்துகொண்டிருந்த இந்த வேலைகளை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அதோடு கோதுமை மாவு வேறு. நம் ஊர் சக்கியில் அரைத்த மாவு மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும், தவிடும் மெதுவாகத்தான் ஊறும். தண்ணீர் போதாமல் கேக் வறண்டது அதனால்தான். மாவைப் போட்ட பிறகும் பீட்டரால் அடித்திருந்தால் இழுவைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே முதலில் சுலபமானதைச் செய்யுங்கள். எந்தச் சாதாரண கேக், மஃபின் அளவிலும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் பதம் பெரிதாக மாறாது. உங்கள் 200 கிராமை 135 ஆக்கினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். ஒரே நாளில் பாதியாக்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன் பிறகு அம்மா செய்யும் கேக் என்றாலே சந்தேகம்தான். நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அதே அளவில் நின்று, பிறகு 110, பிறகு 90 என்று இறங்கலாம். 120-க்குக் கீழே போகும்போது செய்முறையையே மாற்ற வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும் முறையை விட்டுவிட்டு மஃபின் முறைக்கு வாருங்கள்: எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய், தயிர், முட்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி, மாவைப் போட்டு, கரண்டியால் கிளறி முடிப்பது. மாவிலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குளுட்டன் இல்லாத பொருளாக இருக்கட்டும். கேழ்வரகு மாவு, பாதாம் பொடி, தோல் நீக்கி வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, எது கையில் இருக்கிறதோ அது. இழுவை பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

சர்க்கரையே போடாமல் செய்ய வேண்டும் என்றால் நான் சொல்வது வாழைப்பழமும் பேரீச்சையும் சேர்த்த லோஃப் கேக், அதாவது ரொட்டி போல நீள அச்சில் செய்யும் கேக். இனிப்பு, ஈரம், மென்மை மூன்றையும் பழமே பார்த்துக்கொள்ளும். தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழம், உரித்த பிறகு 250 கிராம் வர வேண்டும். பூவன் போட்டாலும் நன்றாக இருக்கும், இலேசான புளிப்பு வரும். பழம் கனியாவிட்டால் இந்தக் கேக்கே வேண்டாம், இரண்டு நாள் பொறுத்திருங்கள். காயாக இருக்கும்போது அதில் மாவுச்சத்துதான் அதிகம், இனிப்பு எதிர்பார்க்க முடியாது. கொட்டை நீக்கிய பேரீச்சை 80 கிராம் எடுத்துப் பாதியைப் பொடியாக நறுக்கிவிடுங்கள், மீதியை 60 மில்லி சூடான பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து மசித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்து, அதில் 2 முட்டை, 60 மில்லி எண்ணெய், 60 மில்லி தயிர், மசித்த பேரீச்சை எல்லாம் சேர்த்துக் கலக்குங்கள். 130 கிராம் கோதுமை மாவையும் 50 கிராம் கேழ்வரகு மாவையும் போட்டு, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் கிளறி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். தவிடு ஊறுவதற்குத்தான் இந்த நேரம். ஊறிய மாவு கொஞ்சம் தளர்ந்து, கரண்டியில் எடுத்தால் கட்டியாகச் சரிந்து விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டு மேசைக்கரண்டி பால் விடுங்கள். கடைசியாக ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்ப் பொடி எல்லாவற்றையும் சலித்துத் தூவி, நறுக்கிய பேரீச்சையும் போட்டு நாலைந்து சுற்றோடு நிறுத்திவிடுங்கள். 170 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். ஆனால் 40-ஆவது நிமிடத்திலேயே குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள். இந்தக் கேக் சீக்கிரம் இறுகிவிடும், மேல்பக்கமும் கடைக் கேக் அளவுக்குச் சிவக்காது. நிறம் வரட்டும் என்று காத்திருந்தால் உள்ளே வறண்டுபோகும்.

உப்பையும் ஏலக்காயையும் விட்டுவிடாதீர்கள். ஏலக்காய், பட்டை, வெனிலா மணங்களை நம் மூளை இனிப்போடு சேர்த்தே பழகியிருக்கிறது, அதனால் குறைந்த இனிப்பும் நிறைவாகத் தெரியும். கேக்கை வெதுவெதுப்பாகச் சாப்பிடும்போதும் இனிப்பு தூக்கலாகத் தெரியும். பேரீச்சையில் பாதியை நறுக்கிப் போடச் சொன்னதும் இதற்குத்தான்: மாவு முழுக்கக் கரைந்துபோன இனிப்பைவிட, கடிக்கும்போது அங்கங்கே வாயில் அகப்படும் இனிப்புக்கு ருசி அதிகம்.

பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் சுமார் 8 கிராம் சர்க்கரை இருக்கும், அதுவும் பழத்திலிருந்து வந்தது. முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே, நார்ச்சத்தும் கூடவே இருக்கிறது. சர்க்கரையே இல்லாத கேக் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது, சர்க்கரை சேர்க்காத கேக் என்று சொல்லலாம். பேரீச்சையை மையாக அரைத்து வடிகட்டிப் பாகாக்கினால் அதுவும் சர்க்கரைப் பாகுதான். பிரிட்டனில் அரைத்த பழக்கூழில் உள்ள சர்க்கரையையே சேர்த்த சர்க்கரையின் கணக்கில்தான் வைக்கிறார்கள். மிக்ஸி வேண்டாம், முள்கரண்டி போதும் என்று சொல்வதற்கு அதுவே காரணம். பேரீச்சை பல்லில் ஒட்டும், சாப்பிட்ட பிறகு பிள்ளைகளை வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை குறைந்த கேக்குக்கு ஆயுசும் குறைவு. நம் வெயிலுக்கு வெளியே ஒரு நாள்தான், அதற்கு மேல் பூசணம் பிடிக்கும். ஆறியதும் துண்டு போட்டு, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீஸரில் வைத்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துச் சூடாக்கிக் கொடுப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். கண் முன்னே முழுக் கேக் இருந்தால் யாராலும் ஒரு துண்டோடு நிறுத்த முடியாது.

பிஸ்கட் வகையில் சர்க்கரையைக் குறைத்தால் மாவு தானாகப் பரவாது, மொறுமொறுப்பும் குறையும். கையால் மெல்லியதாகத் தட்டி, குறைந்த சூட்டில் கூடுதல் நேரம் வையுங்கள். முட்டையை நுரைத்துச் செய்யும் ஸ்பாஞ்ச் கேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள், அது சர்க்கரையை நம்பித்தான் எழுந்து நிற்கிறது. பிறந்தநாளுக்கு அதை அதன் முறைப்படியே செய்து, சின்னத் துண்டாகக் கொடுத்து, பிள்ளைகளோடு நீங்களும் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். வருஷத்தில் நாலு நாளைக்கு யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது தினமும் உள்ளே போவதை. 250 மில்லி குளிர்பானத்தில் மட்டும் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதை வீட்டுக்கு வாங்காமல் விடுவது எந்தக் கேக் மாற்றத்தையும்விடப் பெரிய லாபம். மால்ட் பவுடர், பிஸ்கட் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியைப் படியுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து இந்தச் சந்தேகம் வரும், சுகர் ஃப்ரீ பவுடர் போட்டால் என்ன? பிள்ளைகளுக்கு வேண்டாம். உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. நாக்கும் அதே அளவு இனிப்பையே தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், நாம் படிப்படியாகப் பழக்கியது வீணாகும். கேக்குக்கும் அது ஒத்துவராது. அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். சீனித்துளசிப் பொடி (ஸ்டீவியா) சூட்டைத் தாங்கும், ஆனால் அதில் சிட்டிகை அளவே போட முடியும் என்பதால் 200 கிராம் சர்க்கரை நிரப்பிய இடம் காலியாகவே கிடக்கும், கேக் தட்டையாகிவிடும். கடைகளில் சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பிஸ்கட்டுகள் பலவற்றில் மால்டிட்டால் என்ற சர்க்கரை மாற்று இருக்கிறது. அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை மட்டுமே பிரச்சினை இல்லை, மாவும் குளுக்கோஸாகத்தான் முடிகிறது. மேலே சொன்ன வாழைப்பழக் கேக் ஒரு துண்டில், பழமும் மாவும் சேர்ந்து ஏறக்குறைய 22 கிராம் கார்போஹைட்ரேட் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து) இருக்கிறது. ஒரு சப்பாத்திக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு துண்டு கொடுக்கும் நாளில் ஒரு சப்பாத்தியைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள். வெறும் வயிற்றில் டீயோடு வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்து, அரைத் துண்டில் தொடங்கலாம். அவருக்கென்று செய்யும்போது பேரீச்சையை 40 கிராமாகக் குறைத்து, கேழ்வரகுக்குப் பதிலாகப் பாதாம் அல்லது வேர்க்கடலைப் பொடி சேர்ப்பது நல்லது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடுவதற்கு முன்பும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். அவர் உடம்புக்கு இது ஒத்துக்கொள்கிறதா என்பதை அந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். சாப்பாட்டைக் குறைத்தாலோ மாற்றினாலோ சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு, அவர் எடுப்பது அந்த வகையா என்று கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

இன்னொன்றையும் ஆசையாகச் சொல்கிறேன். ஓ.டி.ஜி.யைப் போட்டாலே இனிப்புதான் என்று ஆகிவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு முறை பேக் செய்தால் ஒரு முறை காரமாக இருக்கட்டும், மாமனாரும் தயங்காமல் பக்கத்தில் உட்காருவார். 120 கிராம் கோதுமை மாவு, 60 கிராம் கேழ்வரகு மாவு, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, மிளகு, சீரகம். இன்னொரு பாத்திரத்தில் ஒரு முட்டை, 150 மில்லி தயிர், 50 மில்லி பால், 50 மில்லி எண்ணெய். இரண்டையும் கலந்து, துருவிய கேரட் 100 கிராம், வதக்கிய சின்ன வெங்காயம், ஆய்ந்த முருங்கைக்கீரை ஒரு பிடி போட்டு மஃபின் அச்சில் முக்கால் அளவுக்கு நிரப்பி, 180 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். கீரையை வதக்கிய வெங்காயத்தோடு ஒரு பிரட்டுப் பிரட்டிவிட்டுச் சேர்த்தால் பச்சை வாடை இருக்காது. காலையில் பள்ளி டப்பாவில் வைத்தால் மாலைவரை கெடாது. பிள்ளைகளுக்காகத் துருவிய சீஸ் சேர்த்தால், மாவில் போடும் உப்பைக் கால் தேக்கரண்டிக்கு மேல் விடாதீர்கள், சீஸிலேயே உப்பு இருக்கிறது.